தாத்தா உட்கார்ந்திருந்த விமானம்

அருங்காட்சியகத்தின் பின்பக்கத்தில், துடைப்பங்கள் வைக்கும் அறையைத் தாண்டினால் படக்காரரின் அறை. சன்னல் உண்டு, திறந்தால் எதிர்ச்சுவர்தான் தெரியும். ஒரு நீள மேசை, கழுத்தை வளைத்து வைக்கும் விளக்கு, கைப்பிடி தேய்ந்த பூதக்கண்ணாடி, உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாய்கிற நாற்காலி. நாற்காலியை மாற்றித் தரும்படி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய், அவரே ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரப் பழகிக்கொண்டார். இப்போது வீட்டில் நல்ல நாற்காலியில் உட்கார்ந்தாலும் சாய்ந்துதான் உட்காருகிறார். "கோணல் நாற்காலியிலயா உங்ககிட்டயான்னே தெரியல" என்பாள் மனைவி.

படக்காரர் என்றால் படம் எடுப்பவரும் இல்லை, படம் காட்டுபவரும் இல்லை. படம் பார்ப்பவர். பழைய புகைப்படத்தில் ஒரு விமானம் இருந்தால் அது இன்னதென்று சொல்வது அவர் வேலை. இப்போது தலைக்கு மேலே போகிற விமானங்கள் அல்ல. மனிதன் முதன்முதலாகப் பறக்கத் துணிந்த நாட்களில் மரமும் துணியும் கம்பியுமாகக் கட்டி, கொஞ்சம் பறந்து, நிறைய விழுந்து, பெயர்கூட நிலைக்காமல் போனவை. சிலதை ஒரே ஒருவர் கட்டி, ஒரே ஒரு தடவை கிளப்பி, விறகாக்கியிருப்பார். அப்படிப்பட்டவற்றை மங்கிய படத்தில் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் சக்கரம். பிறகு சக்கரத்தைத் தாங்குகிற கட்டைகள். பிறகு வால். பிறகு இறக்கையில் துணிக்கு அடியில் வரிவரியாகத் தெரியும் விலாக்கட்டைகள். எஞ்சினைக் கடைசியில்தான் பார்ப்பார். அந்தக் காலத்தில் எஞ்சினைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது சட்டை மாற்றுகிற மாதிரி. படத்தில் நிற்கிற மனிதர்களின் முகத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். முகத்தைப் பார்த்தால் மனசு இளகிவிடும், இளகின மனசுக்கு எந்த விமானமும் நல்ல விமானமாகத் தெரியும்.

இன்னொன்று, கண்ணாடிச் சட்டம் போட்ட படத்தைச் சட்டத்தோடு பார்க்க மாட்டார். "கழட்டிக் கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். சட்டம் போடுகிறவர்கள் நடுவில் இருக்கும் மனிதரைத்தான் பார்ப்பார்கள். ஓரங்களை அட்டையால் மூடிவிடுவார்கள், சில சமயம் வெட்டியும் விடுவார்கள். அவருக்கு வேண்டிய சங்கதி எல்லாம் ஓரத்தில்தான் இருக்கும்.

இத்தனை வருடத்தில் ஒன்று மட்டும் அவருக்கு நன்றாகத் தெரிந்துபோனது. விமானத்தின் பெயரைத் தெரிந்துகொள்ள யாரும் வருவதில்லை. "ஆமாம், உங்க தாத்தா பறந்தாரு" என்கிற ஒரு வார்த்தைக்காக வருகிறார்கள். போன மழைக்காலத்தில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை வந்தார். படத்தில் அவர் அப்பா விமானத்தில் உட்கார்ந்து கையசைக்கிறார். பார்த்த மாத்திரத்தில் படக்காரருக்குத் தெரிந்துவிட்டது, விமானம் துணியில் வரைந்தது. படம் எடுக்கும் கடைகளில் வைத்திருப்பார்களே, அது. சொன்னார். ஆசிரியை "அப்படியா" என்றார். படத்தைப் பையில் வைத்துக்கொண்டு, குடையை மறந்துவிட்டு, மழையிலேயே போய்விட்டார். குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிய படக்காரருக்கு மூச்சு வாங்கியது. ஓடியதால் மட்டும் இல்லை.

சாயங்காலம் ஆனால் கண் எரியும். பிடரியில் ஒரு நரம்பு இழுக்கும். பேருந்தில் நின்றுகொண்டே வீடு வருவார். கதவைத் திறக்கும் மனைவியும் பள்ளிச் சீருடை தைக்கும் இடத்தில் காலையிலிருந்து பொத்தானுக்குக் காஜா எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருப்பாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, யார் முதலில் எழுந்து டீ போடுவது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த வீட்டுக்கு அடிக்கடி வருகிற ஒரே ஆள் மச்சான், அவள் அண்ணன். எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். தொழிலில் கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். ஊரில் அவருக்குப் பெயரே 'அளப்பு'. அந்தப் பெயரைச் சொன்னால்தான் கடைக்கு வழி காட்டுவார்கள். துறைமுகத்தில் நின்றுபோன கப்பலைச் செருப்பு வாரை பெல்ட்டாகப் போட்டுக் கிளப்பியது, மின்னல் அடித்த மோட்டார் அவர் கை பட்டதும் தானாக ஓடியது, இப்படி ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலை கொஞ்சமில்லை. ஒரு தடவை வயிறு வலிக்கிறது என்று துடித்தபோது, "இதுவும் அளப்பா?" என்று கேட்டுவிட்டு அவர் மனைவி துணி துவைக்கப் போய்விட்டார். குடல்வால் வெடிக்கிற நிலையில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அந்தப் பெட்டியில் இருந்ததிலேயே பெரியது தாத்தா கதை. அவர் வீட்டுக் கூடத்தில் தாத்தாவின் படம் தொங்கியது. முட்டை வடிவத்தில் வெட்டிய அட்டைக்கு நடுவில், கம்பிகளுக்கிடையே, ஒரு விமானத்தின் குழிக்குள் உட்கார்ந்து இளைஞர் ஒருவர் விறைப்பாகப் பார்த்துக்கொண்டிருப்பார். வாலிப வயதில் வீட்டை விட்டுப் போனவர், சில வருடம் கழித்து இந்தப் படத்தோடும் நொண்டிய காலோடும் திரும்பி வந்தார். எங்கே போனார், என்ன செய்தார் என்று வாய் திறக்கவில்லை. அவர் சொல்லாமல் விட்டதை எல்லாம் பேரன் சொன்னார். வானத்திலிருந்து விழுந்து கால் போனது என்பார். ஒரு நாள் மேகத்தில் வழி தவறி விழுவார், இன்னொரு நாள் கழுகு மோதி விழுவார். கேட்கிறவர்கள், "போன வாரம் கொக்குன்னு சொன்ன மாதிரி இருந்துச்சே" என்பார்கள்.

கல்யாணமாகி இத்தனை காலத்தில் படக்காரர் அந்தப் படத்தை வேலைக்கண்ணால் பார்த்ததே இல்லை. அவர் உண்மையைச் சொன்ன பிறகு ஆட்கள் எப்படித் திரும்பிப் போகிறார்கள் என்று மனைவிக்குத் தெரியும், அதனால் அவளும் கேட்டதில்லை. மச்சானும் கேட்டதில்லை. மச்சானுக்குப் பயம்.

அந்தப் பயத்தைப் புதுப் பேருந்து நிலையம் போக்கிவிட்டது. நிலையத்தின் நீளச் சுவரில் ஊரில் பேர் சொல்லும்படி வாழ்ந்தவர்களின் படங்களைப் பீங்கான் ஓட்டில் சுட்டுப் பதிக்கப்போவதாகவும், பழைய படம் வைத்திருப்பவர்கள் தரலாம் என்றும் நகராட்சி அறிவித்தது. அன்றைக்கே மச்சான் செல்போனில் தாத்தாவைப் படம் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். படக்காரர் அப்போதுதான் தட்டின் முன் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் பட்டு ஒட்டிப்போன ஒரு கட்டுப் படங்களைப் பகலெல்லாம் பிரித்துப் பிரித்து, கண் இரண்டும் மிளகாய் போலச் சிவந்திருந்தது.

"மாப்ளே, ஒண்ணே ஒண்ணு சொல்லு. இது பறக்குற விமானமா, இல்லியா?"

"சாப்பிட விடுண்ணா" என்றாள் தங்கை.

"சாப்பிட்டுக்கிட்டே பாக்கட்டும். கண்ணு சும்மாதானே இருக்கு."

படக்காரர் இடது கையில் செல்போனை வாங்கினார். சக்கரம் பார்த்தார். சக்கரத்துக்கு மேலே கட்டில் கால் மாதிரிச் சட்டம். அட்டையின் ஓரம் வரை போகிற இறக்கையில் விலாக்கட்டைகள். கடைசியில், விசிறிபோல் விரிந்த எஞ்சின். கஷ்டமே இல்லை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடலாம்.

"நல்லாப் பறக்குமே மச்சான். அந்தக் காலத்துல பேர் வாங்கின ரகம் இது."

கையில் இருந்தது செல்போன். செல்போனுக்குள் கண்ணாடிச் சட்டம். சட்டத்துக்குள் வெட்டிய அட்டை. "கழட்டிக் கொண்டு வாங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்ன வாய் அன்று சோற்றை மென்றுகொண்டிருந்தது.

மச்சான் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். படக்காரர் சொன்னார். உடனே மச்சான் தன் மனைவிக்குப் போன் போட்டு, போனைப் படக்காரரின் வாய்க்கு நேராக நீட்டினார். "ஏம்மா, நான் பேசல. மாப்ள பேசறாரு, கேளு."

அந்தப் பக்கம், படக்காரர் அக்கா என்று கூப்பிடும் மச்சான் மனைவியின் குரல் தயங்கியது. "நிஜமாவா தம்பி? இவரு உங்கள எதுவும் பண்ணலியே?"

"இல்லக்கா. பறக்குற ரகம்தான்."

மறுநாள், மச்சான் கொடுத்த எண்ணில், நகராட்சியிலிருந்து படக்காரரிடம் பேசினார்கள். படங்களைச் சேகரிக்கிற அதிகாரி அம்மா. மியூசியத்தில் இருப்பவரே பார்த்துச் சொன்னால் போதும் என்றார். பேருந்துப் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்ற படக்காரர் ஆமாம் என்றார். "அப்போ, 'விமானம் ஏறிப் பறந்த நம் ஊரின் முதல் மனிதர்'னு போட்டுடலாங்களா?" என்று அவர் கேட்டபோது 'பறந்த' என்ற இடத்தில் மனசு ஒரு கணம் இடறியது. நடத்துநர் விசில் கொடுத்துவிட்டார். "போடுங்க" என்றார்.

அதற்குப் பிறகுதான் அதிசயம் நடந்தது. மச்சான் அளப்பதை விட்டுவிட்டார். கடைக்கு வந்தவர்கள் கப்பலைப் பற்றிக் கிண்டினால், "அத விடுப்பா, சும்மா சொன்னது" என்றாராம். சட்டையைத் தேய்த்துப் போட்டார். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் அவரை ஒரு பொருட்டாக மதித்ததில்லை, சம்பந்தி அவர் பேச ஆரம்பித்தாலே தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார். அந்தச் சம்பந்தியே போன் பண்ணி, சுவர் திறக்கிற அன்று குடும்பத்தோடு வருவதாகச் சொன்னாராம். "அண்ணன் நிமிந்து நடக்குதுங்க. அதுக்கு இவ்வளவு உயரம்னே எனக்கு இப்பத்தான் தெரியுது" என்றாள் மனைவி. காஜா எடுத்த களைப்பெல்லாம் மறந்து அவள் சிரித்ததைப் படக்காரர் வெகுநாளைக்குப் பிறகு பார்த்தார்.

நகராட்சிக்குத் தெளிவான நகல் வேண்டும் என்றார்கள். மனைவிதான் படத்தை அண்ணனிடம் வாங்கிக்கொண்டுபோய் நகல் எடுக்கும் கடையில் கொடுத்தாள். கடைக்காரர் கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறது என்று சட்டத்தைப் பிரித்து, படத்தை வெளியே எடுத்து, முகத்தை மட்டும் பெரிதாக நகல் போட்டுக் கொடுத்தார். நகல் நகராட்சிக்குப் போனது. படம் ஓர் உறைக்குள்ளும், அட்டையும் சட்டமும் தனியே ஒரு பைக்குள்ளுமாக வீட்டுக்கு வந்தன.

விடுமுறை நாள். படக்காரர் மூக்குக்கண்ணாடியைத் தேடப்போய், மேசையில் இருந்த உறையை நகர்த்தினார். படம் பாதி வெளியே வந்தது. முகத்துப் பக்கம் இல்லை, ஓரத்துப் பக்கம்.

அட்டைக்குப் பின்னால் இத்தனை காலம் ஒளிந்திருந்த ஓரம். அங்கே இறக்கை போய்க்கொண்டே இருக்க வேண்டும். போகவில்லை. அட்டை முடிந்த இடத்தைத் தாண்டி ஒரு விரற்கடைகூடப் போகாமல், கத்தரித்த மாதிரி நின்றுவிட்டது. துணியை மடக்கி ஆணி அடித்திருந்தார்கள். மறுபக்கமும் அப்படியே. பின்னால் புல்வெளியில் அதே மாதிரிக் குட்டை இறக்கையோடு இன்னும் சில நின்றன. அவற்றின் வாலருகே பையன்கள் கைகளைப் பையில் விட்டுக்கொண்டு, தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள்.

பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் பறக்கக் கற்றுக்கொடுத்த பள்ளிகளில் இப்படிச் சிலவற்றை வைத்திருந்தார்கள். நல்ல விமானம்தான், இறக்கையை மட்டும் குட்டையாக்கிவிடுவார்கள். எஞ்சின் உறுமும், புழுதி கிளம்பும், மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடும். தரையை விட்டு எழும்பாது. புதுசாக வந்தவன் முதலில் நேராக ஓட்டப் பழகட்டும், உயிரோடும் இருக்கட்டும் என்று செய்தது. பறக்காத பறவையின் பெயரையே அதற்குப் பட்டப்பெயராக வைத்து, பென்குயின் என்று கூப்பிட்டார்கள்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் மடிப்பதை நிறுத்தினாள். "என்ன?"

சொன்னார். அவள் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். அவளுக்குச் சக்கரமும் தெரியாது வாலும் தெரியாது. ஆனால் துணி தெரியும். மடக்கி அடித்த இடத்தில் விரலை வைத்தாள்.

"ஓரம் அடிச்சிருக்காங்க" என்றாள்.

"ம்."

"அண்ணன்கிட்ட சொல்லணுமா?"

"சொல்லாம எப்படி?"

"எப்படின்னா, இப்படியே. பேசாம. சுவத்துல முகம் மட்டும்தானே வருது, இறக்கையா வருது? அந்த மனுசன் வாழ்நாள்ல இப்பத்தான் ஒரு வார்த்தைய ஊர்ல நம்பிருக்காங்க. அதையும் புடுங்கணுமா?" குரல் உயரவில்லை. களைத்தவர்கள் சண்டை போடுகிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாக இறக்கி வைத்தாள். "ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் சொல்றீங்க, அவங்க எழுந்து போயிடறாங்க. இது எங்க வீடு. நாங்க எங்க போறது?"

அவர் படத்தை உறைக்குள் தள்ளினார். இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது. வேலையில் ஒரு குடும்பம் சட்டம் போட்ட படத்தோடு வந்தது. "கழட்டிக் கொண்டு..." என்று ஆரம்பித்தவர், வாக்கியத்தை முடிக்க முடியாமல் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். அன்று மதியமே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, உறையை எடுத்துக்கொண்டு மச்சான் கடைக்குப் போனார்.

மச்சான் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு கை கைப்பிடியைச் சுழற்ற, மறு கை செப்புக் கம்பியை வழுக்காமல் பிடித்திருந்தது. உதடு சத்தமில்லாமல் எண்ணியது. சுற்று ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் புகைந்துவிடும், ஆகவே அந்த நேரத்தில் யாரோடும் பேச மாட்டார். கண்ணால் ஸ்டூலைக் காட்டினார். படக்காரர் உட்கார்ந்தார். காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று தோன்றியது. படத்தை உருவிச் சுற்றுகிற கம்பிக்குப் பக்கத்தில் வைத்து, "மச்சான், இந்த இறக்கையப் பாருங்க" என்றார்.

படக்காரர் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கைப்பிடி சுழன்றுகொண்டுதான் இருந்தது. உதடு மட்டும் நின்றுவிட்டது. பிறகு கையும் நின்றது.

"எண்ணிக்கை விட்டுப்போச்சு" என்றார் மச்சான்.

சுற்றியதை எல்லாம் பிரிக்க ஆரம்பித்தார். கம்பி சுருள் சுருளாக அவர் காலடியில் விழுந்தது. பாதி பிரித்தபின் கேட்டார். "பறக்காத விமானத்த எதுக்குய்யா செஞ்சாங்க?"

"பழகறதுக்கு. ஓடும், குதிக்கும். மேல போகாது."

"கோழி மாதிரி."

"கோழியாவது வேலி தாண்டும் மச்சான்."

மச்சானுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் போய்விட்டது. "அப்ப கால் எப்படி ஒடிஞ்சுது?"

"அது தரையில ஓடும்போது பம்பரம் மாதிரி சுத்தி, சில சமயம் குப்புறக் கவுந்துடும். அதுல ஒடிஞ்சிருக்கலாம். வேற எதுலயாவதுகூட ஒடிஞ்சிருக்கலாம்."

"இதுல பழகிட்டு, அப்புறம் நெசமாப் பறக்குறதுல ஏறியிருப்பாரு. ஏறலன்னு உன்னால சொல்ல முடியுமா?"

"முடியாது."

"ஏறினாருன்னு?"

"அதையும் சொல்ல முடியாது. இந்தப் படத்துல அது இல்ல."

"நான் இதவிடக் கம்மியான சரக்க வச்சிக்கிட்டு எவ்வளவோ சொல்லிருக்கேன்" என்றார் மச்சான். கம்பியை முழுக்கப் பிரித்துவிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வெளிச்சத்துக்குத் தூக்கினார். தாத்தாவைப் பார்க்கவில்லை. பின்னால் வாலருகே காத்திருந்த பையன்களைப் பார்த்தார். "இவனுங்க எல்லாரும்கூட வீட்டுக்குப் போய் பறந்தேன்னுதான் சொல்லிருப்பானுங்க. எங்க தாத்தா ஒருத்தர்தான் வாயத் தொறக்கல. எனக்கு எங்கேர்ந்து வந்துச்சோ இந்த வாய்."

"நான்தான் மச்சான் சரியாப் பாக்கல. செல்போன்ல பாத்துட்டு..."

"உனக்குப் பசி. விடு." சட்டையை மாட்டினார். தேய்த்த சட்டை. "வா, நகராட்சிக்குப் போவோம்."

அதிகாரி அம்மாவின் அறையில் மின்விசிறி மட்டும் சத்தமாக ஓடியது. மேசைக்குப் பின்னால் சுவரோரம் சுட்ட ஓடுகள் அடுக்கியிருந்தன. மேலே இருந்ததிலேயே தாத்தாவின் முகம் தெரிந்தது. அந்த அம்மா விஷயத்தை முழுக்கக் கேட்டார். அவருக்கும் அன்று எத்தனையாவது தலைவலியோ, நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஓடு சுட்டு வந்தாச்சுங்க. ஒரே ஒரு வார்த்தைதானே. யாரு இறக்கைய அளந்து பாக்கப் போறா? பஸ்ஸுக்கு நிக்கறவங்க பாத்துட்டுப் போயிடுவாங்க. நீங்களும் சொல்லல, நானும் கேக்கல."

படக்காரர் மச்சானைப் பார்த்தார். உள்ளுக்குள் ஒரு மூலையில், சரி என்று சொல்லிவிடமாட்டாரா என்றும் இருந்தது. சொன்னால் எல்லாருக்கும் சுலபம். வீட்டில் அவள் இன்னும் கொஞ்ச நாள் சிரிப்பாள்.

மச்சான் ஓட்டைக் கையில் எடுத்தார். கட்டைவிரலால் எழுத்தைத் தடவினார்.

"எடுத்துடுங்கம்மா" என்றார்.

"யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க ஒண்ணுமில்ல. நான் அளந்ததா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுடுவேன். நான் சொன்னா பொய்யின்னு ஊருக்கே தெரியும், யாருக்கும் நஷ்டமில்ல. இது இவரு சொன்னதுன்னு ஆயிடுச்சு. இவரு வார்த்தைய நம்பி எங்கெங்கேர்ந்தோ படத்த எடுத்துக்கிட்டு வராங்க. அழுதுக்கிட்டுப் போறாங்க, ஆனா நம்பிட்டுப் போறாங்க. எங்க வீட்டால அது கெடக் கூடாது."

அந்த அம்மா படக்காரரை ஒரு தரம் பார்த்தார். படக்காரர் தரையைப் பார்த்தார்.

"அப்போ அந்த எடம் காலியாயிடுமே" என்றார் அந்த அம்மா. "சரி, பழைய தண்ணித் தொட்டி படம் ஒண்ணு மிச்சம் இருக்கு. அத வச்சுக்கறேன்."

"வைங்க. தொட்டி நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் மச்சான்.

இருவரும் நடந்தே மச்சான் வீட்டுக்கு வந்தார்கள். மச்சானின் தோள் பழையபடி முன்னால் விழுந்திருந்தது. நடையும் பழைய நடைதான், செருப்பைத் தேய்த்துத் தேய்த்து.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். "எங்க போனீங்க ரெண்டு பேரும்? சம்பந்தி பேசினாங்க. அன்னைக்குக் காலையிலயே வந்துடறாங்களாம். புதுப் பாய் ரெண்டு வாங்கணும்."

"பாய் வேணாம். தாத்தா படம் வரல" என்றார் மச்சான்.

"நல்ல நேரம் பாத்தீங்க அளக்கறதுக்கு. கைய கழுவிட்டு வாங்க."

"அளக்கலம்மா. நெசமா வரல. ஓட்ட எடுக்கச் சொல்லிட்டு வந்துட்டேன்."

அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே படக்காரரின் பக்கம் திரும்பியவர், அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "தம்பி, நீங்க சொல்லுங்க."

"வரலக்கா. அது ஓடுற விமானம், பறக்குறது இல்ல. நான் அவசரத்துல தப்பாச் சொல்லிட்டேன். மச்சான் மேல ஒண்ணும் இல்ல. நகராட்சி அம்மா இருந்துட்டுப் போகட்டும்னுதான் சொன்னாங்க. யாருக்கும் தெரியாதுன்னாங்க."

"அப்புறம்?"

"மச்சான்தான் வேணாம்னுட்டாரு."

அக்கா கொஞ்ச நேரம் புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடம் பார்த்த ஆளை இப்போதுதான் முதல் தடவை வாசலில் கண்ட மாதிரி, மேலிருந்து கீழே பார்த்தார். மச்சானுக்குக் கூச்சமாகிவிட்டது. "என்ன அப்படிப் பாக்கறே, சோத்தப் போடு" என்றார்.

"அவங்க இருக்கட்டும்னு சொல்லியும், பொய்யின்னு நீங்களே வேணாம்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். அதுக்கு இப்ப என்ன?"

அக்கா இருவருக்கும் தட்டு வைத்துப் பரிமாறினார். மச்சானுக்கு முதலில் வைத்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சாப்பிட்டுக்கொண்டிருந்த இருவரும் கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

"சம்பந்திங்களா... இல்லீங்க, படம் வைக்கல... இல்ல, அவங்க வைக்கறேன்னுதான் சொன்னாங்க, இவரு வேணாம்னுட்டாரு. அது உண்மையில்லன்னு தெரிஞ்சுதாம், எடுக்கச் சொல்லிட்டாரு... ஆமாங்க, எங்க வீட்டுக்காரருதான்..." கொஞ்சம் இடைவெளி. அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "ஏங்க, நான் எதுக்குங்க பொய் சொல்றேன்? இவரேதான்."

மச்சான் சோற்றைப் பிசைந்தார். "நம்ப மாட்டாங்க பாரு" என்றார்.

"சாப்பிடுங்க மச்சான்" என்றார் படக்காரர்.

உள்ளே அக்கா முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்திருந்தார்.